ரியூனியன் தீவின் தினசரி வானிலைப் பதிவுகள்: திரட்டுவது, சரிபார்ப்பது, படமாக்குவது

காவடிக்கு எவ்வளவு பந்தல் போடுவது என்று யோசிக்கும் கோயில் நிர்வாகம், கரும்பு வெட்டுக்கு நாள் பார்க்கும் குடும்பம், "முன்பெல்லாம் இவ்வளவு மழை கிடையாது" என்று சொல்லும் பெரியவர், இவர்கள் எல்லாருடைய கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. பிரான்சின் தேசிய வானிலை நிறுவனமான மெத்தியோ-பிரான்ஸ் 2024 ஜனவரி 1 முதல் தன் பொதுத் தரவுகளைக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனின் நிலையங்கள் நாள்தோறும் பதிந்த மழை, வெப்பம், காற்று எல்லாம் அதில் அடக்கம்.

ஆகவே தரவு கிடைப்பது இப்போது சிரமமில்லை. அதைத் தப்பாகப் படிக்காமல் இருப்பதுதான் வேலை. இந்தத் தீவில் அந்தத் தப்பு பெரும்பாலும் ஒரே உருவில் வரும்: பதிவில்லாத நாளை மழையில்லாத நாளாக எண்ணிவிடுவது. புயலில் மழைமானி நின்றுபோன நாள்தான் கொட்டித் தீர்த்த நாளாகவும் இருக்கும். அந்த இடத்தில் பூஜ்யம் விழுந்தால் படம் உண்மைக்கு நேர்மாறாகப் பேசும். கீழே வரும் படிகளில் பாதிக்குமேல் இந்த ஒன்றைத் தடுப்பதற்காகவே.

முதலில் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்

"ரியூனியனின் மழை" என்று ஒரு எண் கிடையாது. தென்கிழக்கிலிருந்து வரும் வாணிபக் காற்று 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தே நேழ் மீதும் எரிமலைச் சரிவுகள் மீதும் மோதி, ஈரத்தைக் கிழக்குப் பக்கமே இறக்கிவிடுகிறது. கிழக்குச் சரிவுகளின் மேட்டில் ஆண்டு மழை 10,000 மி.மீ.யைத் தாண்டும். மேற்குக் கரையில் 1,000 மி.மீ.கூடத் தேறாத இடங்கள் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வருவது எந்த ஊருக்கும் சொந்தமில்லாத எண். எத்தனை நிலையங்கள் எடுத்தாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே வரையுங்கள்.

நிலையத்தின் எண் எட்டு இலக்கம். முதல் ஐந்தும் அது நிற்கும் கொம்யூனின் (பிரெஞ்சு ஊராட்சிப் பிரிவின்) குறியீடு: 97409 என்றால் சான்-அந்த்ரே, 97410 சான்-பெனுவா, 97411 சான்-தெனி, 97416 சான்-பியேர், 97424 சிலாவோஸ். ஆகவே கோப்பைத் திறந்து முதல் ஐந்து இலக்கத்தால் வடிகட்டினாலே உங்கள் ஊர்ப் பக்கத்து நிலையங்கள் வந்து நிற்கும்.

அவற்றுள் எதை எடுப்பது? பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். முதலில் உயர நெடுவரிசையைப் பாருங்கள். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். ஒரே கொம்யூனுக்குள் கடற்கரையும் 1,500 மீட்டர் மேடும் இருக்கிற ஊர் இது. அடுத்தது பதிவின் நீளம். 30 ஆண்டு இருந்தால்தான் ‘வழக்கம்’ என்று பேச முடியும். இப்போது வழக்கிலுள்ள அடிப்படைக் காலம் 1991–2020. கடைசியாக, என்ன அளக்கிறது என்று பாருங்கள். பல நிலையங்களில் மழை மட்டுமே உண்டு, வெப்பம் கிடையாது. நீளமான, முழுமையான வரிசை வேண்டுமென்றால் விமான நிலையங்களிலிருந்து தொடங்குவது நல்லது: வடக்கே ரோலான் காரோஸ், பதிவுகளில் அதன் பெயர் ஜிலோ, தெற்கே பியேர்ஃபோன்.

கோப்பை இறக்குதல்

பிரெஞ்சு அரசின் திறந்த தரவுத் தளத்தில் வானிலைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அதில் ‘அடிப்படைக் காலநிலைத் தரவு, தினசரி’ என்ற தொகுப்பைத் திறந்து, ரியூனியனின் எண்ணான 974 உள்ள கோப்புகளைத் தேடுங்கள். காலத்தை மூன்றாகப் பிரித்திருப்பார்கள்: 1949 வரை, 1950 முதல் சில ஆண்டுகளுக்கு முன் வரை, கடைசி இரண்டு ஆண்டுகள். ஒவ்வொரு காலத்துக்கும் இரண்டு கோப்புகள். ஒன்றில் மழை, வெப்பம், காற்று. மற்றதில் ஈரப்பதம், வெயில் நேரம் முதலிய மிச்சம். பெரும்பாலான வேலைக்கு முதல் வகை போதும். நெடுவரிசைகளின் விளக்கக் கோப்பையும் மறக்காமல் கூடவே இறக்கிவையுங்கள். இதைத் தவறவிடுகிறவர்கள்தான் பின்னால் தடுமாறுகிறார்கள்.

கோப்பு ஜிசிப் முறையில் சுருக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது சிஎஸ்வி, அதாவது வரிக்கு ஒரு பதிவாக, மதிப்புகளை ஒரு குறியால் பிரித்து எழுதிய எளிய எழுத்துக் கோப்பு. மதிப்புகளைப் பிரிப்பது அரைப்புள்ளி, காற்புள்ளி அல்ல. தசமத்துக்குப் புள்ளி. பிரெஞ்சு அமைப்பிலுள்ள எக்செலில் நேரடியாக இருமுறை சொடுக்கித் திறந்தால் சிக்கல் இங்கேதான் தொடங்கும். அந்த அமைப்பு தசமத்துக்குக் காற்புள்ளியை எதிர்பார்க்கும், 12.5 என்பதை எண்ணாக ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கட்டத்தில் எண் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அதுதான் அறிகுறி. கூட்டல் சூத்திரம் எழுத்துக் கட்டங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, மாத மொத்தம் மட்டும் குறைந்திருக்கும். திறக்காமல் ‘தரவு இறக்குமதி’ வழியாகப் போய், பிரிப்பான் அரைப்புள்ளி, தசமம் புள்ளி என்று சொல்லிவிடுங்கள். லிப்ரே ஆபிஸ் கால்க்கில் இறக்குமதிச் சாளரத்தில் மொழியை ஆங்கிலமாக மாற்றினாலே போதும்.

இன்னொரு தடை, வரிசை எண்ணிக்கை. ஒரு தாளில் 10,48,576 வரிசைக்குமேல் போகாது. 70 ஆண்டுப் பதிவுள்ள ஒரு நிலையம் 25,567 வரிசை பிடிக்கும். அப்படி 41 நிலையங்களோடு தாள் நிரம்பிவிடும். 1950க்குப் பிந்தைய பெரிய கோப்பை எக்செலில் திறந்தால் வால் பகுதி வெட்டுப்படலாம். பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் நூலகம் வைத்துப் படிப்பதே இதற்குச் சரியான வழி. சுருக்கிய கோப்பையே நேரடியாகப் படிக்கும், அவிழ்க்க வேண்டாம். நிலைய எண்ணை எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள், வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் கேளுங்கள், உங்கள் நிலையத்தை வடிகட்டிச் சின்னக் கோப்பாகச் சேமியுங்கள். அதன்பிறகு விரிதாளிலேயே வேலை செய்வதென்றாலும் தடையில்லை.

நெடுவரிசைப் பெயர்களில் அடிக்கடி தேவைப்படுபவை இவை: ஆர்ஆர் என்பது அன்றைய மழை, மி.மீ.யில், டிஎன் குறைந்தபட்ச வெப்பம், டிஎக்ஸ் அதிகபட்ச வெப்பம், டிஎம் சராசரி. இதே பெயருக்கு முன்னால் க்யூ சேர்ந்து வந்தால் அது அந்த எண்ணின் தரக்குறி. தேதி எட்டு இலக்கமாக ஒட்டியிருக்கும்: 19660108 என்றால் 1966 ஜனவரி 8. தரக்குறியில் 1 சரிபார்த்தது, 2 சந்தேகத்துக்குரியது. 2 உள்ள வரிசைகளை அழிக்க வேண்டாம். தனி நெடுவரிசையில் குறித்துவைத்து, படத்தில் வேறு வண்ணத்தில் காட்டினால் போதும்.

முதல் கோப்பை யாரும் தொடாதபடி மூலம் என்ற தனி அடைவில் வைத்து, இறக்கிய தேதியைக் கோப்புப் பெயரிலேயே சேருங்கள். அண்மைக் காலப் பதிவுகள் பின்னால் திருத்தப்படும். இன்று 84 மி.மீ. என்றிருப்பது மூன்று மாதம் கழித்து வேறு எண்ணாக இருக்கலாம். எந்தத் தேதியில் எடுத்தது என்று தெரியாவிட்டால் இரண்டு படங்கள் ஏன் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மொரிஷியசையும் சேர்க்க வேண்டுமென்றால்

ஒப்பிட்டுப் பார்க்க அண்டைத் தீவும் வேண்டும் என்பவர்கள் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் உலகத் தினசரித் தொகுப்புக்குப் போக வேண்டும். அங்கே நிலைய எண் 11 எழுத்து. முதல் இரண்டும் நாட்டைச் சொல்லும், மொரிஷியசுக்கு எம்பி, ரியூனியனுக்கு ஆர்ஈ. கடைசி ஐந்து இலக்கம் பல நிலையங்களுக்கு உலக வானிலை அமைப்பின் எண்ணாக இருக்கும்: ஜிலோ 61980, பிளேசான்ஸ் 61990, வாக்குவா 61995. நிலையப் பட்டியலோடு இன்னொரு இருப்புப் பட்டியலும் அங்கே உண்டு. எந்த நிலையத்தில் எந்த அளவு எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று அது சொல்லிவிடும். அதைப் பார்த்துவிட்டு இறக்கினால் காலிக் கோப்பை இறக்கி ஏமாற வேண்டியதில்லை.

அந்தத் தொகுப்பில் மழையும் வெப்பமும் பத்தில் ஒரு பங்கு அலகில் எழுதப்பட்டிருக்கும். 256 என்றால் 25.6 மி.மீ. அல்லது 25.6 டிகிரி. பத்தால் வகுக்க மறந்தவர்களுக்கு வெப்பத்தில் உடனே தெரிந்துவிடும், 256 டிகிரி எங்கும் கிடையாது. மழையில் தெரியாது. 256 மி.மீ. இங்கே நடக்கக்கூடியதுதான். நிலையான அகலமுள்ள பழைய வடிவக் கோப்பில் பதிவில்லாத நாளுக்கு -9999 என்று போட்டிருக்கும். அதை வெற்றாக மாற்றாமல் கூட்டினால் மாத மழை எதிர்ம எண்ணாக வரும். தரச் சோதனையில் தவறிய மதிப்புக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து நிற்கும். அந்த இடம் காலியாக இருந்தால் மட்டுமே மதிப்பைப் பயன்படுத்துங்கள்.

நிலையமே இல்லாத இடத்துக்கு மறுபகுப்பாய்வுத் தரவு உண்டு, அதாவது பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியில் கொடுத்துக் கட்டம் கட்டமாகக் கணித்த மதிப்பீடு. ஐரோப்பாவின் ஈஆர்ஏ5 தொகுப்பு 1940 முதல் மணிக்கு மணி தருகிறது, இடைவெளியே கிடையாது. ஓபன்-மீட்டியோ போன்ற தளங்கள் வழியாக ஒரு நொடியில் எடுத்துவிடலாம். ஆனால் அதன் கட்டம் 0.25 டிகிரி, ஏறக்குறைய 28 கி.மீ. நம் தீவின் நீளமே அறுபத்துச் சொச்சம் கி.மீ.தான். அந்தக் கட்டத்துக்குள் சிலாவோஸ் பள்ளத்தாக்கும் அதைச் சுற்றியுள்ள செங்குத்து மலையும் ஒரே மேடாகத் தட்டையாகிவிடுகின்றன. வெப்பத்தின் நீண்டகாலப் போக்குக்கு இது உதவும். ரியூனியனின் மலை மழைக்கு இதை ஆதாரமாகக் காட்டுவது தவறு. பெருமழை நாட்களை மிகக் குறைத்துக் காட்டும். எந்தப் படத்திலும் நிலைய அளவையும் கட்ட மதிப்பீட்டையும் ஒரே கோட்டில் ஒட்டவைக்காதீர்கள்.

நாள் எப்போது தொடங்குகிறது?

மழைக்கணக்கின் நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. மழைமானியைக் காலையில் பார்ப்பது பழைய வழக்கம்; அதனால் ஒரு காலையிலிருந்து மறு காலை வரை ஒரு நாள். மணி என்ன என்பதை விளக்கக் கோப்பில் உலகப் பொது நேரத்தில் கொடுத்திருப்பார்கள். நம் நேரம் அதைவிட 4 மணி முன்னால். 06 மணி முதல் மறுநாள் 06 மணி வரை என்று போட்டிருந்தால், இங்கே காலை 10 முதல் மறுநாள் காலை 10 வரை என்று பொருள். அந்த மழை முதல் நாளின் பெயரில் எழுதப்படும்.

இதன் விளைவைத் தைப்பூசத்தில் பாருங்கள். 2024இல் தைப்பூசம் ஜனவரி 25. அன்று விடிகாலை 5 மணிக்குக் காவடி கட்டும்போது பெய்த மழை, இந்தக் கணக்கில் 24ஆம் தேதி வரிசையில் உட்கார்ந்திருக்கும். 25ஆம் தேதி வரிசையில் 0 இருப்பதைப் பார்த்து ‘அன்று மழையில்லை’ என்று எழுதினால், நனைந்துகொண்டே நடந்தவர்கள் ஒப்பமாட்டார்கள். ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிய கேள்வி என்றால் முந்தைய நாள் வரிசையையும் சேர்த்துப் பாருங்கள், அல்லது இதே தளத்திலுள்ள மணிவாரிக் கோப்புக்குப் போங்கள். அங்கும் நேரம் உலகப் பொது நேரமே. 4 கூட்டிக்கொள்ள வேண்டும்.

சில தொகுப்புகள் மழையை அது பெய்யத் தொடங்கிய நாளில் எழுதாமல், மானியைப் பார்த்த நாளில் எழுதும். இரண்டு மூலங்களை ஒப்பிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: ஒன்றை அப்படியே வைத்து, மற்றதை ஒரு நாள் முன்னும் ஒரு நாள் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒட்டுறவுக் கெழுவை (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்ணை) பாருங்கள். நகர்த்தியதில் ஒட்டுறவு கூடினால், இரண்டின் நாள்கணக்கும் வேறு.

வெற்றும் பூஜ்யமும்

முதல் வேலை, நாட்காட்டியை நிறைவாக்குவது. பதிவில்லாத நாளுக்குச் சில இடத்தில் கட்டம் காலியாக இருக்கும். சில இடத்தில் அந்த வரிசையே இருக்காது. வரிசை இல்லாததைக் கண் கவனிக்காது. கோட்டுப் படமும் இரண்டு பக்கத்துப் புள்ளிகளையும் இணைத்து இடைவெளியை மறைத்துவிடும். ஆகவே தொடக்க நாளிலிருந்து முடிவு நாள் வரை ஒரு நாள் விடாமல் தேதிப்பட்டியல் உண்டாக்கி, அதன்மேல் பதிவுகளைப் பொருத்துங்கள். பாண்டாஸில் தேதியைச் சுட்டெண்ணாக வைத்து மறுசுட்டெண் செய்தால் ஒரே வரியில் முடியும். விரிதாளில் தனித் தேதி நெடுவரிசை போட்டு, தேடல் சூத்திரத்தால் இழுங்கள். கிடைக்காதபோது 0 அல்ல, வெற்று எழுத்து வரும்படி சூத்திரத்தை எழுதுங்கள். பிறகு ஆண்டுக்கு எத்தனை மதிப்பு என்று எண்ணிப் பாருங்கள். 365 அல்லது 366 வராத ஆண்டுகளின் பட்டியலை எடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டலில் இன்னொரு குழி இருக்கிறது. ஒரு மாதம் முழுக்கப் பதிவே இல்லையென்றாலும் விரிதாளின் கூட்டல் 0 என்று விடை தரும். பாண்டாஸும் அப்படியே. அங்கே குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற அளவுருவை அந்த மாதத்தின் நாட்களுக்குச் சமமாகக் கொடுத்தால், ஒரு நாள் குறைந்தாலும் விடை வெற்றாக வரும். மழைக்கு இவ்வளவு கண்டிப்பு தேவை. உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதலும் மாத மொத்தத்துக்கு எல்லா நாளும் வேண்டும் என்கிறது. மாதச் சராசரி வெப்பத்துக்கு மட்டும் தளர்வு உண்டு: 11 நாள் அல்லது அதற்குமேல் விடுபட்டாலோ, தொடர்ந்து 5 நாள் விடுபட்டாலோ சராசரி போடக்கூடாது.

வெற்றிடத்தைப் பக்கத்து நாட்களின் சராசரியால் நிரப்புவது வெப்பத்துக்கு ஓரளவு பொருந்தும். மழைக்குப் பொருந்தவே பொருந்தாது. அண்டை நிலையத்தின் அளவை வைத்து மதிப்பிட்டால் அதைத் தனி நெடுவரிசையில் வைத்து ‘மதிப்பீடு’ என்று எழுதுங்கள். பல நாள் வெற்றாக இருந்து திடீரென ஒரு பெரிய எண் வந்தால், பாதை அடைபட்டதால் மானியை நாள்தோறும் பார்க்க முடியாமல் எல்லாம் சேர்த்து ஒரே நாளில் எழுதியதாக இருக்கலாம். அந்த எண் மாத மொத்தத்துக்கு உதவும்; ஒருநாள் உச்சம் என்று காட்டக்கூடாது.

பொய்யான பூஜ்யமும் உண்டு. மானியின் வாயில் இலையோ பூச்சிக்கூடோ அடைத்துக்கொண்டால் நாள்கணக்கில் 0 வரும். சான்-பெனுவா பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு வாரம் தொடர்ந்து 0 இருந்து, பக்கத்து நிலையத்தில் நல்ல மழை இருந்தால் சந்தேகப்படுங்கள். அதே பூஜ்யம் மேற்குக் கரையில் ஆகஸ்டில் இருந்தால் ஆச்சரியமில்லை. வெப்பத்தில் பார்க்க வேண்டியவை: குறைந்தபட்சம் அதிகபட்சத்தைத் தாண்டிய நாட்கள், ஒரே மதிப்பு ஐந்தாறு நாள் மாறாமல் நின்ற இடங்கள்.

பெரிய எண்ணைக் கண்டு அஞ்சாதீர்கள்

ஐரோப்பியத் தரவுக்கு எழுதிய சுத்திகரிப்பு நிரல்களை அப்படியே எடுத்து ஓட்டினால் ரியூனியனின் வரலாறே அழிந்துபோகும். 300 மி.மீ.க்கு மேல் பிழை என்று வெட்டும் நிரல்கள் நிறைய. இங்கே 1966 ஜனவரி 7–8இல் தெனிஸ் புயலின்போது ஃபோக்-ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. பெய்தது, அது உலகச் சாதனை. 2007 பிப்ரவரியில் கமேட் புயல் கொமெர்சோன் எரிமலைவாயில் 72 மணி நேரத்தில் 3,930 மி.மீ. கொட்டியது. 1980 ஜனவரியில் யாசிந்த் 15 நாளில் அதே இடத்தில் 6,083 மி.மீ. இவை எல்லாம் அளந்து ஏற்கப்பட்ட எண்கள். சந்தேகம் வந்தால் எண்ணின் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்: அன்று புயல் இருந்ததா, பக்கத்து நிலையங்களும் உயர்ந்தனவா, தரக்குறி என்ன என்று மூன்றையும் பாருங்கள். புயல் தேதிகளுக்கு ஐபிட்ராக்ஸ் என்ற உலகப் புயல்பாதைத் தொகுப்பு இலவசம்.

ஒரு நுட்பம்: 24 மணி நேரச் சாதனை என்பது எந்த 24 மணி நேரமாகவும் இருக்கலாம். தினசரிக் கோப்பில் அந்த மழை இரண்டு வரிசையாகப் பிரிந்திருக்கும். 1,825ஐத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் கோப்பு தவறு என்று ஆகாது.

நீண்ட வரிசையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நிலையம் இடம் மாறியிருக்கிறதா? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2010 மே 1 அன்று விமான நிலையமே நகரின் தெற்கிலிருந்து வடக்கே லா மெர்சிக்குப் போனது. இரு இடத்துப் பதிவையும் ஒரே கோடாக வரைந்தால் அந்த ஆண்டில் ஒரு படி தெரியும், அதைக் காலநிலை மாற்றம் என்று வாசித்துவிடுவோம். இதைப் பிடிக்க எளிய வழி, உங்கள் நிலையத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்திலிருந்து அண்டை நிலையத்தின் சராசரியைக் கழித்து வரைவது. வித்தியாசம் சமமாக ஓட வேண்டும். ஓர் ஆண்டில் திடீரென ஏறியோ இறங்கியோ அப்படியே தங்கினால், இரண்டில் ஒன்று இடம் மாறியிருக்கிறது அல்லது கருவி மாறியிருக்கிறது.

படம் வரைதல்

முதல் முடிவு ஆண்டை எங்கே வெட்டுவது என்பது. ஜனவரி–டிசம்பர் என்று வரைந்தால் நவம்பர் முதல் ஏப்ரல் வரையுள்ள மழைக்காலம் இரண்டாகப் பிளந்து, ஒரே பருவத்தின் பாதி படத்தின் வலது ஓரத்திலும் மீதி அடுத்த ஆண்டின் இடது ஓரத்திலும் போய் விழும். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை எடுங்கள். தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் புயல் பருவக் கணக்கும் அதுவே. விரிதாளில் மாதம் 7 அல்லது அதற்குமேல் என்றால் ஆண்டோடு 1 கூட்டும் சூத்திரம் போதும். 2024 என்று வருவதை 2023–24 என்று பெயரிடுங்கள். நாள் எண்ணால் ஆண்டுகளைப் பொருத்தினால் நெட்டாண்டில் மார்ச் 1 முதல் ஒரு நாள் நகர்ந்துவிடும். மாதம், தேதி கொண்டே பொருத்துங்கள்.

மழைக்கு மிகப் பயனுள்ள படம், சேர்ந்துவரும் மொத்தத்தின் கோடு. ஜூலை 1இல் பூஜ்யத்தில் தொடங்கி ஒவ்வொரு நாளும் அன்றைய மழை கூடிக்கொண்டே போகும். எல்லாப் பருவங்களையும் வெளிர் சாம்பலில் மெல்லிய கோடாகவும், நடுமதிப்பைக் கறுப்பிலும், இந்தப் பருவத்தை அடர்நீலத்திலும் வரையுங்கள். புயல் வந்த இடத்தில் கோடு செங்குத்தாக ஏறும். அந்தப் படிக்குப் பக்கத்தில் புயலின் பெயரை எழுதலாம். வறண்ட பருவத்தில் கோடு படுத்தேயிருக்கும். ஒரு பருவத்தின் மழை நிதானமாக வந்ததா, ஒரே வாரத்தில் வந்ததா என்பது மொத்த எண்ணில் தெரியாது, இந்தக் கோட்டில் தெரியும். கரும்புக்காரருக்கு வேண்டியதும் அதுதான். பதிவில்லாத நாள் வந்தால் அந்த இடத்திலிருந்து கோட்டைப் புள்ளிக்கோடாக்கி, ‘குறைந்தபட்சம் இவ்வளவு’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது, வண்ணக்கட்டம். ஒரு பருவத்துக்கு ஒரு வரிசை, ஒரு நாளுக்கு ஒரு கட்டம். இங்கே வண்ண அளவுகோலைச் சமமாகப் பிரித்தால், 600 மி.மீ. நாள் ஒன்றே எல்லா வண்ணத்தையும் விழுங்கிவிட்டு மற்ற நாட்கள் வெளுத்துப்போகும். மடக்கை அளவுகோலில் பூஜ்யத்துக்கு இடமில்லை. படிப்படியான வகுப்புகளே நல்லது: 0, 1 வரை, 1–10, 10–50, 50–100, 100–200, 200க்கு மேல். மழையில்லாத நாள் வெள்ளை, மழை கூடக் கூட நீலம் அடர்த்தி. பதிவில்லாத நாளுக்கு வெள்ளையும் வேண்டாம் நீலமும் வேண்டாம். சாம்பலில் சாய்கோடு போடுங்கள். வரைந்து முடித்ததும் சாய்கோடுகள் அடர்நீலத்துக்குப் பக்கத்தில் கூடியிருப்பதைப் பார்ப்பீர்கள். மானி நின்றுபோன புயல் நாட்கள் அவை.

வெப்பத்துக்குப் பட்டைப் படம். 1991–2020இல் ஒவ்வொரு தேதிக்கும் முன்னும் பின்னும் 7 நாட்களைச் சேர்த்து 15 நாள் சாளரம் எடுத்தால், 30 ஆண்டுக்கு 450 மதிப்புகள் கிடைக்கும். அவற்றின் 10ஆம், 90ஆம் சதமானங்களுக்கு (பத்தில் ஒரு பங்கு மதிப்புகள் கீழேயும் ஒரு பங்கு மேலேயும் விழும் எல்லைகளுக்கு) இடையை வெளிர் பட்டையாக நிரப்பி, நடுவே நடுமதிப்பை வரைந்து, இந்த ஆண்டின் தினசரி மதிப்பை மேலே போடுங்கள். சாளரம் இல்லாமல் தேதிக்கு 30 மதிப்பு மட்டும் எடுத்தால் பட்டையின் ஓரம் பல்பல்லாகக் குதிக்கும்.

தைப்பூச நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்து ‘மழை வாய்ப்பு’ சொல்ல வேண்டாம். 30 ஆண்டில் 30 நாள்தான்; ஒரு புயல் போதும், கணக்கைச் சாய்த்துவிடும். தேதியும் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் மாறலாம். தை மாதம் முழுவதையும் எடுங்கள்: ஜனவரி 14 முதல் பிப்ரவரி 12 வரை 30 நாள், 30 ஆண்டுக்கு 900 நாள். அதில் 1 மி.மீ.க்கு மேல் எத்தனை, 10க்கு மேல் எத்தனை, 50க்கு மேல் எத்தனை என்று எண்ணி, பதிவுள்ள நாட்களால் (900ஆல் அல்ல) வகுங்கள். சான்-அந்த்ரேக்கும் சான்-பியேருக்கும் தனித்தனியாக இரண்டு பட்டைகள் பக்கம்பக்கமாக நின்றால், எந்தக் கோயிலுக்குத் தார்ப்பாய் அதிகம் தேவை என்பது கூட்டத்தில் விவாதமில்லாமல் புரியும்.

படத்தில் தமிழ் எழுத்து

பைத்தானில் மேட்பிளாட்லிப் வைத்து வரைபவர்களுக்கு இங்கே தொல்லை. தமிழ் எழுத்துருவை, உதாரணமாக நோட்டோ சான்ஸ் தமிழை, சரியாகக் கொடுத்தாலும் எழுத்துச் சேர்க்கையை அது வழக்கமாகச் செய்வதில்லை. ‘வெப்பம்’ என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘கொ’, ‘கோ’ எல்லாம் உடையும். எழுத்துருவை மாற்றிமாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, கோளாறு எழுத்துருவில் இல்லை. படத்தை எஸ்விஜி வடிவில், எழுத்துகளை உருவமாக மாற்றாமல் எழுத்தாகவே வைக்கும் அமைப்போடு சேமித்து, உலாவியிலோ இங்க்ஸ்கேப்பிலோ திறந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யலாம். பிளாட்லி, ஆல்டேர் போன்று உலாவியில் வரையும் நூலகங்களில் இந்தத் தொல்லை இல்லை. லிப்ரே ஆபிஸ் படங்களிலும் தமிழ் ஒழுங்காக வரும்.

படத்தின் அடியில் நிலையத்தின் பெயர், எட்டு இலக்க எண், உயரம், காலம், நாள் எந்த மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை நாள் பதிவில்லை, தரவை இறக்கிய தேதி ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். ‘மூலம்: மெத்தியோ-பிரான்ஸ்’ என்பதும் அதில் இருக்க வேண்டும், திறந்த உரிமத்தின் நிபந்தனை அது. கைப்பேசியில் பார்ப்பவர்கள் படத்தை வெட்டி அனுப்புவார்கள், ஆகவே இந்த வரியைப் படத்துக்கு வெளியே அல்ல, படத்துக்குள்ளேயே போடுங்கள்.